ஆகாயத்தில் 20 மணி நேரம், வாசலில் 30 மணி நேரம்!

2025-ம் ஆண்டு மார்ச் மாதத்திலும் ஏப்ரல் மாதத் தொடக்கத்திலும் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சில சரக்கு விமானங்கள் அமெரிக்காவுக்குப் பறந்தன. அவற்றில் பிரயாணிகள் யாரும் இல்லை. ஏற்றிச் சென்ற சரக்கு அத்தனையும் ஐபோன்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலையில் தமிழ்நாட்டுப் பெண்கள் கோத்து முடித்த கைப்பேசிகள் அவை. ஆறு விமானங்கள், ஒவ்வொன்றிலும் 100 டன் வரை சரக்கு, மொத்தம் 600 டன், எண்ணிக்கையில் 15 லட்சம் வரை இருக்கலாம் என்று ராய்ட்டர் நிறுவனம் அப்போது செய்தி வெளியிட்டது.

இத்தனை அவசரம் எதற்கு? ஏப்ரல் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். இந்தியச் சரக்குகளுக்கு 26 சதவீதம் என்றார். சீனச் சரக்குகளின் மீதான வரியோ சில நாட்களுக்குள் 100 சதவீதத்தையும் தாண்டியது. வரி அமலுக்கு வருமுன் சரக்கு அமெரிக்கக் கரையைத் தொட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பறப்பு.

அந்தச் செய்தியில் இன்னொரு தகவலும் இருந்தது. சென்னை விமான நிலையத்தில் சுங்கச் சோதனை முடிந்து சரக்கு வெளியேற 30 மணி நேரம் பிடித்து வந்தது. தனி ஏற்பாடு ஒன்றைச் செய்து அதை 6 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள் என்பதே அந்தத் தகவல்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையிலிருந்து சிகாகோ நகரம் ஏறத்தாழ 13,800 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய சரக்கு விமானம் வழியில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்தால் சுமார் 20 மணி நேரப் பிரயாணம். அதாவது, உலகத்தின் மறுபக்கத்துக்குப் பறந்து போக ஆகும் நேரத்தைவிட, உள்ளூர் வாசலைத் தாண்ட ஆன நேரம் அதிகமாக இருந்திருக்கிறது!

தூரத்தையும் காலத்தையும் பற்றிப் பேசும்போது நாம் பொதுவாக விமானத்தின் வேகத்தையே நினைக்கிறோம். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரத்தைப் பொறுத்தவரை விஷயம் வேறு.

நூலும் பூசணிக்காயும்

முதலில் தூரம். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் அளவுகோலை வைத்து இரண்டு ஊர்களுக்கு நடுவே கோடு இழுத்தால் அது சரியான வழியாகாது. பூமி உருண்டை, படமோ தட்டை. ஒரு பூசணிக்காயில் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். தட்டைப் படத்தில் இதே பாதை வடக்கே வில்லாக வளைந்து தெரியும். சென்னையிலிருந்து சிகாகோவுக்கு இப்படி நூல் பிடித்தால் அது வட துருவத்துக்குப் பக்கமாகவே ஓடிவிடுகிறது.

இந்த நூல் கணக்கின்படி மீனம்பாக்கத்திலிருந்து தைவான் தலைநகர் தைப்பே 4,500 கிலோமீட்டர். தென் கொரியாவின் இஞ்சான் விமான நிலையம் 5,300. ஜப்பானின் நரிட்டா 6,500. ஜெர்மனியின் பிராங்பர்ட் 7,600. இந்த ஊர்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான் தைவான் நாட்டுக் கம்பெனி. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய் கொரியக் கம்பெனி. ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ - நிசான் ஆலையில் ஜப்பானியர் பங்கு வெகு காலம் இருந்தது. 2012-ல் அங்கேயே லாரி செய்யத் தொடங்கிய டெய்ம்லர் ஜெர்மனிக்காரர்களுடையது. உடையவர் ராமானுஜர் அவதரித்த தலம் என்று பெயர் பெற்ற ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இன்று கொரிய எழுத்தில் ஓட்டல் பலகைகள் தொங்குகின்றன.

கடிகாரம் செய்யும் குறும்பு

அடுத்தது நேரம். பிராங்பர்ட்டுக்கு நள்ளிரவுக்குப் பின் 2 மணிக்குப் புறப்படுகிற ஒருவர், அவ்வூர்க் கடிகாரத்தில் காலை எட்டரைக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறரை மணி நேரத்தில் ஐரோப்பா வந்துவிட்டதே என்று தோன்றும். உண்மையில் அவர் பறந்தது 10 மணி நேரம். கோடைக் காலத்தில் ஜெர்மனியின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். திரும்பி வரும்போது அவர் காலை 10 மணிக்கு ஏறி, 9 மணி நேரம் பறந்து, சென்னையில் இரவு பத்தரைக்கு இறங்குவார். போகும்போது கடிகாரம் கொடுத்ததை வரும்போது வட்டியோடு வாங்கிக்கொள்கிறது.

ஒரே தூரம்தானே, போக 10 மணி நேரம், வர 9 மணி நேரம் என்பது ஏன்? காற்றுதான் காரணம். தரையிலிருந்து 10 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. கிழக்கே போகும் விமானத்துக்கு அது பின்னாலிருந்து தள்ளும் கை. மேற்கே போகும் விமானத்துக்கோ எதிர்நீச்சல். ஜப்பானுக்கு மேலே இந்தக் காற்று மிகவும் பலமானது. ஆகவே சென்னையிலிருந்து ஜப்பான் போகும் நேரத்தைவிட ஜப்பானிலிருந்து சென்னை வரும் நேரம் ஜாஸ்தி.

காற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது மனிதர்கள் போடும் தடை. 2022-ல் உக்ரைன் போர் மூண்டபின் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம், சுற்றிப்போக நேர்ந்து 13 மணி நேரம் எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் நம் விமானங்கள் அரபிக் கடல் பக்கம் இறங்கி வளைந்து போகவேண்டி வந்தது. அதே ஆண்டு ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் மோதிக்கொண்டபோது மேற்காசிய வானமே சில நாட்கள் முடங்கிப் போயிற்று. தூரம் மாறவில்லை, வழி மாறிற்று. வழி மாறினால் நேரமும் எண்ணெய்ச் செலவும் மாறுகின்றன.

தலையைச் சுற்றி மூக்கு

போர் எதுவும் இல்லாத நாளிலும் ஒரு சுற்று வழி இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கும் ஒரு கொரியப் பொறியாளர் சிங்கப்பூர் வழியாக ஊருக்குப் போகிறார். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர்; சிங்கப்பூரிலிருந்து இஞ்சான் 4,600 கிலோமீட்டர். மொத்தம் 7,500. நேர் வழியோ 5,300 தான். தெற்கே இறங்கி மறுபடி வடக்கே ஏறுவதால் அதிகப்படி 2,200 கிலோமீட்டர்! நேரே பறந்தால் 7 மணி நேரத்தில் முடிய வேண்டிய பிரயாணம், நடுவே காத்திருப்பதையும் சேர்த்து 14 மணி நேரமாகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

நேர் விமானம் எப்போது வரும்? ஆள் இருந்தால் வரும். நரிட்டாவுக்கும் சென்னைக்கும் நடுவே 2019 அக்டோபர் கடைசியில் ஜப்பானிய விமானக் கம்பெனி ஒன்று நேர் விமானம் விட்டது. இந்த வட்டாரத்து ஜப்பானியக் கம்பெனிகளை நம்பித்தான் விட்டது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. கொரோனா வந்து அதை நிறுத்திவிட்டது. ஆலைகள் மட்டும் இருந்தால் போதாது. விமானத்தின் இருக்கைகளும் வயிற்றுச் சரக்கறையும் நாள்தோறும் நிறைய வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது.

வேகம் நின்ற கதை

விமானத்தையே இன்னும் வேகமாக ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் அறியாத ஓர் உண்மை இருக்கிறது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூன் 8 அன்று பம்பாயில் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி, ஜூன் 10 அன்று லண்டனை அடைந்தது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 1960-ல் ஏர் இந்தியாவுக்கு போயிங் 707 ஜெட் விமானம் வந்தது. வேகம் 900 கிலோமீட்டரைத் தாண்டியது.

அதற்குப் பிறகு? அத்தோடு சரி! இன்று பறக்கும் புத்தம் புதிய விமானங்களும் மணிக்கு 900 கிலோமீட்டர் சுமாரில்தான் பறக்கின்றன. இடையில் 1976 முதல் 2003 வரை கான்கார்டு என்ற ஒலியை மிஞ்சும் விமானம் பறந்தது. எண்ணெய்ச் செலவும் டிக்கெட் விலையும் தாளாமல் அது நின்றுபோயிற்று. அறுபது வருஷமாக விமானங்கள் பெரியவையாயின, சிக்கனமாயின, நிற்காமல் வெகு தூரம் போகக் கற்றுக்கொண்டன. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்கின்றன. வேகம் மட்டும் கூடவில்லை. கூடுமென்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

ஆகவே, ஆகாயத்தில் குறைக்கக்கூடிய நேரத்தைப் பெரும்பாலும் குறைத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது தரையில்தான்.

கார் கப்பலில், கைப்பேசி விமானத்தில்

தரையிலுள்ள நேரம் யாருக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் ஒரே மாதிரி இல்லை. 8 லட்சம் ரூபாய்க் கார் ஒன்று 1,000 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், கிலோ 800 ரூபாய். 70,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்று பெட்டியோடு 350 கிராம் என்றால், கிலோ 2 லட்சம் ரூபாய்! கிலோ 800 ரூபாய்ச் சரக்கு விமானக் கூலி தாங்காது. அதனால் கார்கள் சென்னை, எண்ணூர் துறைமுகங்களுக்குப் போய்க் கப்பல் ஏறுகின்றன. கைப்பேசிக்கு விமானக் கூலி பெரிய பொருட்டே அல்ல. புது மாடல் வந்த வாரத்தில் கடையில் இல்லாவிட்டால்தான் நஷ்டம்.

ஆனால் காருக்கும் விமானம் வேண்டியிருக்கிறது. ஆலைக்கு வரவேண்டிய ஒரு சிறு பாகம் வராவிட்டால் வரிசை முழுவதும் நின்றுவிடும். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஓடும் கப்பல்கள் பல, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. 10 நாள் முதல் 14 நாள் வரை அதிகப்படி. அப்படிப்பட்ட வேளையில் அவசரச் சாமான்களுக்கு ஆகாய மார்க்கம் ஒன்றே கதி.

இப்படி வந்து சேரும் சாமான் மீனம்பாக்கத்தில் இறங்கியபின் என்ன ஆகிறது? ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விமானத்துக்கு அது இரண்டு நிமிஷ தூரம். சாலையில் நெரிசல் இல்லாத வேளையில் முக்கால் மணி நேரம். நெரிசல் வேளையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பிரயாணியானால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். சிங்கப்பூருக்கு நாலே கால் மணி நேரம் பறக்க, சென்னைத் தரையிலேயே நாலரை மணி நேரம் செலவாகிறது.

மழைக் காலத்தில் இந்தக் கணக்கும் தவறிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி மீனம்பாக்கம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது மறுபடியும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. அந்த நாட்களில் சிகாகோ என்ன, சிங்கப்பூரும் எட்டாத தூரம்தான்.

பரந்தூர் தரும் பதில் என்ன?

இதற்கெல்லாம் பரிகாரமாகச் சொல்லப்படுவது பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை. 13 கிராமங்கள் சம்பந்தப்படுகின்றன. 2025 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் கொள்கை அளவில் அனுமதி தந்தது.

மீனம்பாக்கம் விரிய இடமில்லை என்பது உண்மை. ஒரு பக்கம் அடையாறு, ஒரு பக்கம் பரங்கிமலை, மற்றப் பக்கங்களில் குடியிருப்புகள். அங்குள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன; இரண்டையும் ஒரே சமயத்தில் தாராளமாகப் பயன்படுத்த முடியாது. ஆகவே புது நிலையம் வேண்டும் என்போரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிழக்கே மீனம்பாக்கம் போவதற்கும் மேற்கே பரந்தூர் போவதற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த வட்டாரத்துக்குப் பரந்தூரால் கிடைக்கக்கூடிய லாபம் சாலைத் தூரத்தில் அல்ல. விமானங்கள் பெருகுவதிலும், நேர் விமானங்கள் வருவதிலும் இருக்கிறது. அவையும் கட்டடம் எழும்பியவுடன் தாமாக வந்துவிடுவதில்லை. நரிட்டா விமானத்தின் கதையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கத்தில், ஏகனாபுரத்து ஜனங்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 பாராளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அவர்கள் இழக்கப்போவது நஞ்சை நிலமும், ஏரியும், ஏரிக்கு வரும் கால்வாயும், பிறந்த வீடும். நஷ்ட ஈட்டுத் தொகை எவ்வளவு உயர்ந்தாலும் ஏரியைத் தூக்கிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் வைக்க முடியாது. ஏரிகள் நிறைந்த நிலத்தில் ஓடுபாதை போட்டால் 2015-ன் பாடம் அங்கே திரும்பி வராது என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும் அல்லவா?

விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஓர் ஆலை நிலைத்துவிடாது என்பதற்கும் இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை உலகத்துக்கே கைப்பேசி செய்து அனுப்பியது. மீனம்பாக்கம் அன்றும் இதே 30 கிலோமீட்டரில்தான் இருந்தது. வரி வழக்கும், கம்பெனி கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பரில் அதை மூட வைத்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

மிச்சப்பட்ட 24 மணி நேரம்

இப்போது முதலில் பார்த்த கணக்குக்கு வருவோம். சுங்கச் சோதனை 30 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரமாகக் குறைந்தபோது 24 மணி நேரம் மிச்சமாயிற்று. இதற்காக ஒரு சென்ட் நிலம்கூட எடுக்கப்படவில்லை. ஒரு வீடும் இடிபடவில்லை. புது விமானம் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. காகிதமும் முத்திரையும் வேகமாக நகர்ந்தன, அவ்வளவுதான். பெரிய கம்பெனி ஒன்று கேட்டது, கிடைத்தது. ஒரகடத்தில் உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைக்காரர் கேட்டால் கிடைக்குமா? கேட்காமலே கிடைக்கும்படி எல்லோருக்கும் பொதுவாக அதைச் செய்தால் என்ன?

செலவு குறைந்த சீர்திருத்தங்களை முதலில் செய்து பார்ப்பதே குடும்பம் நடத்துகிறவர்களின் வழக்கம். சுங்க இலாகாவின் வேகம், லாரிகள் தேங்காத சாலை, மழைத்தண்ணீர் வடிய வழி. இவற்றைச் செய்து முடித்தபின் இன்னும் எத்தனை மணி நேரம் குறைய வேண்டியிருக்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் வேண்டியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தால், அந்தக் கணக்கை ஏகனாபுரத்து விவசாயியின் முன்னால் வைக்கவும் அரசாங்கத்துக்குத் தைரியம் பிறக்கும்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் ஒரு பெரிய விடுதி திறக்கப்பட்டது. ஆலையில் வேலை பார்க்கும் 18,720 பெண்கள் தங்குவதற்கு அதில் இடம் உண்டு. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இப்படி விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள் ஊருக்குப் போக இரவெல்லாம் பஸ்ஸில் பிரயாணம் செய்கிறார்கள். அவர்கள் கை பட்ட கைப்பேசி சிகாகோவுக்குப் போகும் நேரத்தில், அவர்களில் சிலரால் தங்கள் கிராமத்துக்குப் போய்த் திரும்பக்கூட முடிவதில்லை. தூரத்தை வென்றுவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். இயற்கை வைத்தது தூரம். மனிதர்கள் வைத்தது தாமதம். இரண்டாவதைக் குறைக்க விமானம் தேவையில்லை.